அத்தியாயம் 6: ஏறாவூரிலிருந்து ஒரு பிரேசில் பியானோப் பதிவு

ஏறாவூரில் வீட்டில் இருந்தபடி பியானோ பதிவுசெய்ய நினைப்பவருக்கு முதல் இடைஞ்சல் பீத்தோவன்தான். காலையிலும் பின்னேரத்திலும் ஒழுங்கைக்குள் நுழையும் சூன் பாண் ஓட்டோ 'ஃபூர் எலிஸ்' மெட்டைப் போட்டுக்கொண்டே வருகிறது. இலங்கை முழுக்க இதே கதைதான். நீங்கள் வாசிப்பது எந்த நாட்டு இசையாக இருந்தாலும், நடுவில் பாண்காரர் புகுந்தால் அந்தப் பதிவு அதோடு சரி. நேரம் பார்ப்பது பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் என்ன வாசிப்பது என்பதை முடிவுசெய்வோம்.

சிறுவயதில் ஐந்தாறு வருடம் படித்து, இரண்டு மூன்று தரச் சோதனை பாஸ்பண்ணி, பிறகு வேலை குடும்பம் என்று விட்டுவிட்டு, இப்போது இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறவருக்காகவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். அப்படிப்பட்டவருக்கு ஏறாவூரிலோ செங்கலடியிலோ பியானோ மேடை கிடைக்காது. பதிவு ஒன்றுதான் வழி. பிரேசில் உருப்படிகளைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பலவும் மூன்று நிமிடத்துக்குள் முடிபவை. கை அகலத்தை விடக் காலப்பிரமாணத்தைச் சோதிப்பவை. அந்தத் தாளம் நம் காதுக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல.

எதை வாசிப்பது

ரியோ டி ஜெனெய்ரோவில் பிறந்து வளர்ந்த எர்னெஸ்டோ நாசரெத் (1863–1934) இருநூறுக்கு மேற்பட்ட சிறு உருப்படிகளை எழுதினார். அவற்றில் பலவற்றுக்கு அவர் 'பிரேசில் டேங்கோ' என்று பெயர் போட்டார். ஆர்ஜென்டினா டேங்கோவோடு இதைக் குழப்ப வேண்டாம். அந்த நாடகத்தனமான இழுவை இதில் இல்லை. 1893-இல் வெளியான 'ப்ரெஜெய்ரோ' அவரைப் பிரபலமாக்கியது. அதன் உரிமையை ஐம்பது மில்ரெய்ஸுக்குப் பதிப்பாளரிடம் விற்றிருந்ததால், பிறகு அது எத்தனை பிரதி போனாலும் அவருக்கு எதுவும் வரவில்லை. 'ஓடியோன்' 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சேர்ந்தது. ஓடியோன் என்பது ரியோவின் ஒரு சினிமாக் கொட்டகை. படம் தொடங்கும்வரை காத்திருப்போருக்காக அதன் முன்கூடத்தில் நாசரெத் பியானோ வாசித்தார். படத்தை விட்டுவிட்டு அவரைக் கேட்கவே வந்தவர்களும் உண்டு. 1917-18 காலத்தில் ரியோவில் பிரெஞ்சுத் தூதரகத்தில் பணியாற்றிய இசையமைப்பாளர் தாரியுஸ் மியோ இந்த இசையில் மயங்கிப்போய், ஊர் திரும்பிய பின் 'கூரையில் ஏறிய மாடு' என்ற தன் படைப்பில் பிரேசில் மெட்டுகளை வரிசையாகக் கோத்தார். அவற்றில் நாசரெத்தின் மெட்டுகளும் உண்டு.

முதல் பதிவுக்கு 'ப்ரெஜெய்ரோ' எடுங்கள். கை பழகிய பிறகு 'ஓடியோன்'. ஸெக்கின்யா டி அப்ரூவின் 'டிக்கோ டிக்கோ நோ ஃபுபா'வை (1917) எடுக்கத்தான் எல்லாருக்கும் ஆசை வரும், ஏனென்றால் கேட்டவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். அதனாலேயே அது ஆபத்து. கேட்பவர் மனதில் ஏற்கனவே வேறு யாரோ மின்னல் வேகத்தில் வாசித்த ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் வாசிப்பு அதோடுதான் ஒப்பிடப்படும். நாசரெத்தின் 'அப்பனெய்ச்சி கவாக்கீன்யு'வும் அப்படித்தான், வலது கை மூச்சுவிடாமல் ஓட வேண்டும். பிரேசில் இசையமைப்பாளர் வீலா லோபோஸின் பொம்மைத் தொகுப்பில் வரும் 'பொலிஷினெலோ' இன்னும் கடினம். அதற்கு உரிமைச் சிக்கலும் இருக்கிறது.

நோட்டு வாங்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. நாசரெத்தின் உருப்படிகளின் பழைய பதிப்புகள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுக்குமுன் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பதிப்புகளில் அச்சுப்பிழை மலிவு.

தாளம்தான் விஷயம்

இந்த இசையில் தோற்பவர்கள் பெரும்பாலும் விரலால் தோற்பதில்லை, எண்ணிக்கையால் தோற்கிறார்கள். ஒரு சீர் எட்டுச் சிறு அலகு கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேசில் டேங்கோவின் அடையாளமான அடி இந்த எட்டை 1, 2, 1, 2, 2 என்று பிரிக்கிறது. சொற்கட்டாகச் சொன்னால் 'த கா மி தா தீ'. 'த'வும் 'மி'யும் குறில், மற்றவை நெடில். தொடையில் தட்டிக்கொண்டு பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். 'கா' நீளும்போது தட்டு நடுவில் விழும், அந்த இடத்தில் உடம்பு தானாக ஆடும். அடியில் ஓடும் இன்னொரு பிரிப்பு 3, 3, 2. அது நமக்குப் பாடமே: தகிட தகிட தக. கூத்துக்கு மத்தளம் அடித்த ஊர்க்காரருக்கும் றபான் தட்டிய வீட்டாருக்கும் இதை விளக்கவே வேண்டாம். வாயால் சொல்ல வராத தாளம் கைக்கும் வராது. ஆகவே பியானோவைத் திறக்காமல் முதல் வாரத்தை இதற்கே ஒதுக்கலாம்.

மட்டக்களப்புக் காதுக்கு மட்டும் உரிய ஒரு பொறி இருக்கிறது. 1500-இல் பிரேசில் கரையைத் தொட்ட போர்த்துக்கேயர் 1505-இல் இலங்கைக்கும் வந்தார்கள். 1628-இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்தே வருடத்தில், 1638-இல், அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். கோட்டை போனாலும் பாட்டுப் போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்னும் பேசப்படுகிறது. கலியாண வீட்டில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா ஆடப்படுகிறது. போர்த்துக்கேயர் இரண்டு கரைக்கும் ஆபிரிக்க மக்களைக் கொண்டுவந்தார்கள். இங்கே கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும், அங்கே லுண்டு, மஷீஷ் நடனங்களும், அந்த மக்களின் தாள அறிவு இல்லாமல் பிறந்திருக்காது. பிரேசிலில் அடிமை முறை 1888-இல்தான் ஒழிந்தது. அப்போது நாசரெத்துக்கு வயது 25.

உறவு இருப்பது உண்மை, ஆனால் தாளம் ஒன்றல்ல. கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும் ஆறு அலகில் உருள்பவை: தகிட தகிட. பைலா கேட்டு வளர்ந்த கை, நாசரெத்தின் 'த கா மி'யையும் தன்னையறியாமல் மூன்று சம பங்காக உருட்டிவிடும். ஓரளவு உருள்வது நல்லது. கணினி போல அறுத்து அறுத்து வாசித்தால் உயிர் இருக்காது. முழுதாக உருட்டினால் அது நாசரெத் அல்ல, கலியாண வீட்டுப் பைலா. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் வாசிப்பவரின் ருசி. பதிவைத் திரும்பக் கேட்கும்போது முதலில் இதைத்தான் கேட்க வேண்டும், தவறிய ஸ்வரங்களை அல்ல.

'ஓடியோன்' வாசிப்பவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதன் தொடக்கத்தில் மெட்டு இடது கையில், தாழ்ந்த ஸ்வரங்களில் இருக்கிறது, ரியோத் தெருக் குழுக்களின் கிட்டார் அடிக்குரல் போல. வலது கை தட்டுக்கு இடையில் தாங்குவதற்கு மட்டும். நம்மில் பலர் வலது கையை ஓங்கி வாசித்தே பழகியவர்கள். விளைவாக மெட்டு மறைந்து, தாங்கல் மட்டும் கேட்கும். போன் ஒலிவாங்கி தாழ்ந்த ஸ்வரங்களை ஏற்கனவே குறைத்துத்தான் பிடிக்கும் என்பதால் பதிவில் நிலைமை இன்னும் மோசமாகும். இடது கையை நேரில் தேவைப்படுவதை விடக் கொஞ்சம் கூட்டியே வாசியுங்கள். பெடலைக் குறையுங்கள், ஒவ்வொரு அடியும் தனித்தனியே கேட்க வேண்டும். வேகம் வேண்டாம். மெட்ரோனோமை 60-இல் வைத்துத் தொடங்கி, 76 அளவில் நின்றால் போதும்.

கருவி

ஏறாவூரில் பெரும்பாலானோர் கையில் இருக்கக்கூடியது 61 கட்டைக் கீபோர்ட். அதன் கடைசித் தாழ் கட்டை நடு ஸி-க்கு இரண்டு எண்மம் கீழே நின்றுவிடும். நோட்டைப் புரட்டி, இடது கை அதற்குக் கீழே போகும் சீர்களைப் பென்சிலால் குறியுங்கள். ஓரிரண்டு இடமென்றால் ஓர் எண்மம் மேலே வாசித்துச் சமாளிக்கலாம். இடது கையே கதாநாயகனாக இருக்கும் உருப்படியில் பல இடங்களில் அப்படிச் செய்தால் உருப்படியே மாறிப்போகும். 88 கனமான கட்டைகள் கொண்ட மின் பியானோவை இரவல் வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

பழைய மரப் பியானோ கிடைத்தவருக்கு வேறு கவலை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது. மாரியில் ஒலிப்பலகை ஈரத்தை இழுத்து உப்பும், சுருதி ஏறும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் இறங்கும். எல்லாக் கம்பியும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் பரவாயில்லை. நடுப்பகுதிக் கம்பிகள் இரு முனையிலும் உள்ளவற்றை விட அதிகமாக மாறும். அதனால் இடது கையின் தாழ் ஸ்வரமும் வலது கையின் நடு ஸ்வரமும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். சுருதி கூட்ட ஆள் கொண்டுவருவதென்றால் பருவம் மாறி ஓரிரு வாரம் கழிந்த பிறகு கொண்டுவாருங்கள். கூட்டியதும் அந்த வாரத்துக்குள்ளேயே பதிவை முடியுங்கள்.

அறை, நேரம், மின்விசிறி

மின் பியானோவின் வெளிவரும் ஒலியை வயரால் நேரே பதிவுக் கருவிக்கோ கணினிக்கோ கொடுக்க முடிந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடவிடுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல்.

போனில் பதிவுசெய்பவருக்கு: போனை எயர்பிளேன் நிலையில் போடுங்கள். பியானோவின் மேல் வைக்காதீர்கள், அதிர்வு ஏறும். ஒன்றரை மீற்றர் தள்ளி, உங்கள் காது உயரத்தில், வேறொரு மேசை அல்லது அலுமாரித் தட்டில் வையுங்கள். சீமெந்துச் சுவர், ஓடு பதித்த தரை உள்ள அறையில் எதிரொலி கூடும். நிலத்தில் இரண்டு பன்பாயை விரித்து, சுவரோரம் மெத்தை ஒன்றைச் சாய்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். தகரக் கூரை வீடென்றால் மழை நாளை மறந்துவிடுங்கள்.

மின்விசிறியை நிற்பாட்ட வேண்டும். "என்ன மகன், பேனை நிப்பாட்டிப் போட்டு நாங்க எப்பிடி இருக்கிற?" என்று உம்மா கேட்பார், கேட்பது நியாயம்தான். மூன்று நிமிடம் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள், மூன்று நிமிடத்தில் முடியுங்கள். வீட்டில் வாத்தியம் வாசிப்பது பற்றி எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம் உள்ள ஊர் அல்ல இது. அயலவருக்கு முன்கூட்டிச் சொல்லி வைப்பதும், தொழுகை நேரத்தைத் தவிர்ப்பதும் மரியாதை. பாங்குக் குரல் பதிவில் விழக்கூடாது என்பதால் தொழில்நுட்பமும் அதையே கேட்கிறது. கோயில் திருவிழா நாட்கள், உதயதேவி ரயில் வந்துபோகும் நேரம், பாண் ஓட்டோ, எல்லாவற்றையும் கழித்தால் கையில் மிஞ்சுவது இஷாவுக்குப் பின்னான இரவுதான். மாரியில் அதையும் தவளைகள் பங்குபோடும். கொஞ்சம் தவளைச் சத்தம் இருந்தால் நான் அழிக்கச் சொல்லமாட்டேன்.

போனில் ஒளிந்திருக்கும் வில்லன் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி. பேச்சைப் பதிவுசெய்யவென்றே உருவானது அது. மெல்லிய இடத்தை உயர்த்தும், ஓங்கிய இடத்தை அமுக்கும், உங்கள் உழைப்பெல்லாம் ஒரே மட்டமாகிவிடும். கண்டுபிடிக்க ஒரு சோதனை: ஓங்கி ஒரு கூட்டுஸ்வரம் அடித்து உடனே கையை எடுங்கள், அப்படியே ஐந்து வினாடி இருங்கள். திரும்பக் கேட்கும்போது அந்த மௌனத்தில் அறையின் இரைச்சல் மெல்ல மெல்ல ஏறினால், வசதி இயங்குகிறது என்று அர்த்தம். அதை நிறுத்தவிடும் பதிவுச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு உருப்படியின் மிக உரத்த நான்கு சீரை வாசித்து, அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். அதன் பிறகு அந்த அளவைத் தொடக்கூடாது.

ஒரே மூச்சில்

முதல் வாசிப்பைப் பதிவுசெய்யுங்கள், ஆனால் பயன்படுத்த வேண்டாம். சிவப்பு விளக்கு எரிந்ததும் கை இறுகும். அது தளர ஒரு தடவை போக வேண்டும். பிறகு மூன்று தடவை, அதற்கு மேல் அந்த இரவு வேண்டாம். நான்காவதிலிருந்து விரல் சரியாகிக்கொண்டு போகும், தாளம் செத்துக்கொண்டு போகும்.

நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தொழில்முறைக் கலைஞர்கள் செய்கிறார்கள், அதில் குற்றமில்லை. அமெச்சூர் ஒருவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். நாசரெத்தின் பல உருப்படிகளில் முதற் பகுதி மூன்று தடவை வரும்; அ ஆ அ இ அ என்ற அமைப்பு. சோம்பேறிக்கு ஒரே பதிவை மூன்று இடத்தில் ஒட்டத் தோன்றும். ஆனால் மூன்றாம் தடவை வரும்போது அது முதல் தடவை போல ஒலிக்கக்கூடாது என்பதே அந்த அமைப்பின் இன்பம். இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. பிரித்தானிய இசைச் சோதனைச் சபையான ஏபிஆர்எஸ்எம் 2020-இல் தொடங்கிய காணொளிவழித் தரச் சோதனையில் எல்லா உருப்படிகளையும் நிறுத்தாமல் ஒரே காணொளியாகத்தான் அனுப்ப வேண்டும். பின்னாளில் அந்தப் பக்கம் போக எண்ணமிருந்தால் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

வாசிப்புக்கு முன் இரண்டு வினாடி, பின் நான்கு வினாடி மௌனம் விடுங்கள். கடைசி ஸ்வரம் முழுதாக அடங்குமுன் பொத்தானை அமத்த எழும்புவதுதான் வீட்டுப் பதிவுகளில் நான் அதிகம் காணும் குறை.

உரிமை

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை நிற்கும். நாசரெத் 1934-இல் காலமானார். 2005 முதல் அவர் இசை எல்லாருக்கும் பொது. ஸெக்கின்யா டி அப்ரூவும், நாசரெத் காலத்து இன்னோர் இசையமைப்பாளரான ஷிக்கின்யா கொன்ஸாகாவும் 1935-இல் காலமானவர்கள். அவர்களும் பொதுவில் வந்துவிட்டார்கள். வீலா லோபோஸ் 1959-இல் காலமானதால் 2029 முடியும்வரை பொறுக்க வேண்டும். பிற்காலப் பிரேசில் இசையமைப்பாளர்களான ஜோபிம் (1994), கமார்கோ குவார்னியேரி (1993) இருவருக்கும் இன்னும் நீண்ட காலம் இருக்கிறது. இன்னொன்று: மூல உருப்படி பொதுவானாலும், அண்மையில் யாரோ செய்த எளிய தழுவலுக்குத் தனி உரிமை உண்டு. இறக்கிய நோட்டில் தழுவியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

யூடியூபில் ஏற்றினால், நீங்களே வாசித்ததையும் வேறொரு நிறுவனத்தின் தட்டு என்று இயந்திரம் அடையாளம் காட்டக்கூடும். பதற வேண்டாம். இசையமைப்பாளரின் இறப்பு ஆண்டையும், வாசித்தது நீங்கள்தான் என்பதையும் இரண்டு வரியில் எழுதி மறுப்புக் கொடுங்கள்.

பகிர்தல்

லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹூகோ கர்தோசோவின் குழு மட்டக்களப்புப் பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து ஆவணப்படுத்தியது. அத்தகைய களப்பதிவுகளிலிருந்து நமக்கு வேண்டிய பாடம் ஒன்றே: யார், எங்கே, எப்போது, எதில் என்ற விவரம் இல்லாத ஒலி நாளைக்கு யாருக்கும் உதவாது. உங்கள் பதிவின் கீழே இப்படி எழுதலாம்:

"ஓடியோன், பிரேசில் டேங்கோ. இயற்றியவர் எர்னெஸ்டோ நாசரெத் (1863–1934). மின் பியானோ. ஏறாவூரில் வீட்டில் பதிவானது, ஒரே வாசிப்பு, வெட்டு ஒட்டு இல்லை. இரண்டாம் பகுதியை உருட்டிவிட்டேனா என்று ஐயம், கேட்டுச் சொல்லுங்கள்."

கடைசி வரியைக் கவனியுங்கள். 'எப்படி இருக்கிறது' என்று பொதுவாகக் கேட்டால் 'மாஷா அல்லாஹ்', 'அருமை', இரண்டு கைதட்டல் படம், அவ்வளவுதான் வரும். குறிப்பாக ஒன்றைக் கேட்டால்தான் குறிப்பாகப் பதில் வரும். முதலில் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்புங்கள். அதில் இருவராவது வாத்தியம் தெரிந்தவராக இருக்கட்டும். கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்த ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். பியானோ தெரியாவிட்டாலும் காலப்பிரமாணம் அறிந்தவர் சொல்வது பயன்படும். பறங்கியர் நண்பர் யாருமிருந்தால் அவருக்குக் கட்டாயம் அனுப்புங்கள்.

வட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரற்பதிவாக அனுப்பாதீர்கள், காதைக் கொல்லும். கோப்பாக இணையுங்கள். வேவ் கோப்பு ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி பிடிக்கும்; மூன்று நிமிடம் 30 எம்பி. டேட்டா குறைந்தவருக்கு 192 கிலோபிட் எம்பி3 போதும், நிமிடத்துக்கு ஒன்றரை எம்பிக்குள் அடங்கும். யூடியூபுக்காக ஒலியை அமுக்கிப் பெருப்பிக்க வேண்டாம். உரத்த பதிவுகளை அந்தத் தளம் தானாகவே குறைத்துவிடும், உங்களுக்கு மிஞ்சுவது நசுங்கிய பியானோ மட்டுமே. சிறுவர் வாசித்த காணொளி என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்; பள்ளிச் சீருடையும் வீட்டிலக்கமும் படத்தில் தெரியக்கூடாது.

மூலக் கோப்பை அழிக்காதீர்கள். உருப்படி, பெயர், திகதி மூன்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதி, ஒன்றைப் பென் டிரைவிலும் இன்னொன்றை இணையச் சேமிப்பிலும் வையுங்கள். நாசரெத் தனியாகப் பியானோ வாசித்துப் பதிவானவை 1930-இல் எடுத்த சில தட்டுப் பக்கங்கள் மட்டுமே. அவற்றில் 'அப்பனெய்ச்சி கவாக்கீன்யு'வும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் கேட்கலாம்.